ஸ்கிரிப்ட் லாகின் ஆகவில்லையா? மறைந்திருக்கும் டோக்கனைத் தேடுங்கள்

பைத்தானில், இணையதளங்களுக்குக் கோரிக்கை அனுப்ப உதவும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை வைத்து ஒரு தளத்தில் லாகின் செய்கிறீர்கள், பாஸ்வேர்டும் சரிதான், ஆனாலும் 403 (அனுமதி மறுப்பு) வருகிறது அல்லது லாகின் பக்கமே திரும்ப வந்து நிற்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது படிவத்துக்குள் மறைந்திருக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனைத்தான், அதாவது கோரிக்கை தன் படிவத்திலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க சர்வர் வைக்கும் ரகசிய மதிப்பைத்தான். சர்வர் பக்கத்தோடு சேர்த்துக் கொடுத்த அந்த மதிப்பு அப்படியே திரும்பி வராவிட்டால் பல தளங்கள் பாஸ்வேர்டைப் பார்ப்பதுகூட இல்லை.

அதனால் நேராக போஸ்ட் (விவரங்களைச் சமர்ப்பிக்கும் கோரிக்கை) அனுப்பாதீர்கள். முதலில் ஒரு செஷன் ஆப்ஜெக்ட் உருவாக்கி, அதிலேயே லாகின் பக்கத்தை கெட் செய்து (அதாவது வாங்கி), ஹெச்டிஎம்எல்லைப் படித்துத் தரும் பியூட்டிஃபுல்சூப் லைப்ரரி மூலம் படிவத்தில் உள்ள ஹிட்டன் புலங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அவற்றோடு உங்கள் விவரங்களையும் சேர்த்து, அதே செஷனில் அனுப்புங்கள். அதே செஷன் என்பது முக்கியம், குக்கீ அதில்தான் இருக்கிறது. புலங்களின் பெயர்களை ஊகிக்க வேண்டாம்: பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்து, கையால் ஒருமுறை லாகின் செய்தால் என்னென்ன போகிறது என்று அப்படியே தெரியும்.

அப்புறம், 200 (கோரிக்கை வெற்றி என்ற குறியீடு) வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். தவறான பாஸ்வேர்டுக்கும் 200 தரும் தளங்கள் நிறைய உண்டு. பதிலில் லாக்அவுட் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதவே கூடாது, ஸ்கிரிப்டுக்கு வெளியே, இயங்குதளத்தில் அமைக்கும் என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள். படிவமே ஜாவாஸ்கிரிப்டில் உருவாகிறது என்றால், பிரவுசரையே இயக்கும் பிளேரைட் அல்லது செலினியம் எடுங்கள். தளம் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தளத்தோடு பேசும் வழி) தருகிறது என்றால் இது எதுவுமே வேண்டாம், அதுதான் நல்ல வழி.