மூட்டையை எண்ணாத நடுவர்கள்

'அல்ட்ராவயலட் கிராஸ்லேண்ட்ஸ்' ஆட்டத்தைப் புதிதாக நடத்தத் தொடங்குகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது கொஞ்ச காலமாக எனக்கு வாடிக்கை. எந்த மேசைக்குப் போனாலும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நானும் ஒரு காலத்தில் சறுக்கிய இடங்கள் என்பதால், வழுக்கப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பகடையைத் தொலைப்பது, விதிகளைப் படிக்காமல் வருவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாரும் இரண்டாம் முறை செய்வதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. லூகா ரெயெட்ஸ் எழுதி, படங்களையும் அவரே வரைந்த மேசை விளையாட்டு இது. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசி, பகடை உருட்டி ஆடுவார்கள். மிச்ச உலகம் முழுவதும் நடுவர் பொறுப்பு. பூனைகள் பிரபுக்களாக வாழும் ஊதா நகரத்தில் சரக்கேற்றிக்கொண்டு, மேற்கே முடிவில்லாத புல்வெளியில் இறங்கி, கருப்பு நகரம் வரை போகலாம். பெரும்பாலோர் போய்ச் சேர்வதில்லை.

மூட்டைக் கணக்கைத் தள்ளுபடி செய்வது

இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

இந்த ஆட்டத்தில் எடையை மூட்டையால் அளப்பார்கள், காலத்தை வாரத்தால் அளப்பார்கள். ஓர் ஆளுக்கு ஒரு வாரச் சாப்பாடு ஒரு மூட்டை. அவ்வளவு எளிய விதி. ஆனால் புதிய நடுவர்கள் பலர் முதல் நாளிலேயே, "சாப்பாட்டுக் கணக்கெல்லாம் வேண்டாம், அலுப்பாக இருக்கும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆட்டக்காரர்களும் கை தட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலோடு ஆட்டம் பாதி செத்துவிடுகிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். குழுவில் ஆறு பேர். அடுத்த ஊருக்கு இரண்டு வாரப் பயணம். போவதற்கு மட்டும் பன்னிரண்டு மூட்டை சாப்பாடு. அங்கே கடை திறந்திருக்குமா என்று தெரியாது. திரும்பி வரவும் எடுத்துக்கொண்டால் இருபத்து நான்கு. இன்னும் விற்பதற்கு ஒரு மூட்டை சரக்குகூட ஏற்றவில்லை. பொதி விலங்குகளைக் கூட்டினால் அவற்றை ஓட்ட ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் வாரம் ஒரு மூட்டை. சாப்பாட்டைக் குறைத்தால் லாபம் கூடும், ஆனால் வழியில் ஒரு வாரம் தாமதமானால் பட்டினி. இந்த இழுபறிதான் ஆட்டம். பேய், காளான், பழைய இயந்திரம் எல்லாம் இதன் மேல் பூசிய வண்ணம். இதன் முன்னோடிகளில் ஒன்று 'ஓரிகன் டிரெயில்' என்ற பழைய கணினி விளையாட்டு என்பதை மறக்கக் கூடாது. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அமெரிக்காவின் மேற்குக்குப் போகிறவர்கள், சாப்பாடு தீர்ந்தும் வயிற்றுப்போக்கு வந்தும் நடுவழியில் சாகிற ஆட்டம் அது. சாப்பாட்டை எடுத்துவிட்டால் அதில் மிஞ்சுவது என்ன?

நான் பார்த்த ஒரு மேசையில், குழு ஒரு பாழிடத்தில் பிரம்மாண்டமான வெண்கலத் தலை ஒன்றைக் கண்டெடுத்தது. கண் திறந்து மூடுகிற தலை. நடுவர் அதை வர்ணித்த விதம் அருமை. ஒருவர் கேட்டார்: "இதை எப்படி எடுத்துப்போவது?" எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. எதை இறக்குவது, தண்ணீரையா பட்டுத் துணியையா, கூலியாளைத் திருப்பி அனுப்பலாமா என்று அரை மணி நேரம் சண்டை போட வேண்டிய கட்டம். நடுவர் சிரித்துக்கொண்டே, "எப்படியோ வண்டியில் ஏற்றிவிட்டீர்கள்" என்றார். முடிந்தது. அடுத்து ஒரு தங்கப் பலகை கிடைத்தது, அதையும் ஏற்றினார்கள். பிறகு ஒரு கண்ணாடிச் சவப்பெட்டி. எதையும் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கவில்லை என்பதால் எதன்மீதும் யாருக்கும் ஆசையும் இருக்கவில்லை. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைபேசியை எடுத்தார்கள். அந்தக் குழு சில வாரங்களில் கலைந்தது. "உலகம் நன்றாக இருக்கிறது, ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். உலகத்தின் மேல் என்ன குற்றம்?

அலுப்பு என்ற வாதமும் நிற்காது. வேளைக்கு வேளை கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒருமுறை கழித்தால் போதும். தாளில் எழுதச் சோம்பலாக இருந்தால் புளியங்கொட்டையை வையுங்கள். ஒரு கொட்டை ஒரு மூட்டை. வாரம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் கையாலேயே ஒரு கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். நான்கு கொட்டை மிச்சமிருக்கும்போது, "பக்கத்தில் ஒரு கோபுரம் தெரிகிறது, போய்ப் பார்க்க ஒரு வாரமாகும்" என்று சொல்லுங்கள். மேசையில் எழும் அமைதியை எந்த வர்ணனையாலும் வாங்க முடியாது.

இரக்கப்பட்டு இடையில் ஒரு மூட்டை கொடுப்பதும் இதே தவறுதான். வேட்டையாடட்டும், கடன் வாங்கட்டும், சரக்கைப் பாதி விலைக்கு விற்கட்டும்.

எல்லாமே விசித்திரம்

இந்த உலகத்தில் பீங்கான் இளவரசர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. பல உடல்கள், பீங்கான் முகமூடிகள், ஒரே மனம். ஒரு வாக்கியத்தை நான்கு வாய்கள் பங்குபோட்டுப் பேசி விலை பேரம் செய்வதாக நடித்துக் காட்டினால் மேசை மிரண்டுவிடும். ஆனால் அதற்கு முன்பே சத்திரக்காரருக்கு மூன்று தலை, கழுதைக்குச் சிறகு என்று அடுக்கியிருந்தால் இளவரசர்களை யாரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். சத்திரக்காரர் முழங்கால் வலியோடு, பாக்கி வசூலிக்கும் சாதாரண மனிதராகவே இருக்கட்டும்.

கதையை எழுதிவைத்துக்கொண்டு வருவது

வேண்டாம்.

கருப்பு நகரத்துக்கு ஓட்டம்

அவசரப்படுகிறவரைப் பொதிமாடு மேய்க்க அனுப்புங்கள்.

விலைப்பட்டியல் வாசிப்பது

வணிக ஆட்டம் என்றதும் சிலர் எட்டுச் சரக்கு, எட்டு விலை என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்கிறவர்கள் மிக மலிவானதை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். விலையை வதந்தியாகக் கொடுங்கள். "அடுத்த ஊரில் உப்புக்குக் கிராக்கி" என்று ஒரு குடிகாரர் சொல்லட்டும். அவர் அந்த ஊரிலிருந்து கிளம்பிப் பல வாரமாகிவிட்டது என்பது இரண்டாவது கோப்பையில் வெளிவரட்டும். விசாரிக்க ஊரிலேயே தங்கினால் சாப்பாட்டு மூட்டை கரையும், தங்காமல் போனால் உப்பு தேங்கும். வியாபாரிக்கும் ஒரு முகம் வேண்டும்: மகள் கல்யாணத்துக்கு அவசரமாக விற்கிறவர், போட்டிக் குழுவுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டவர், எடைக்கல்லில் கைவைக்கிறவர். ஊருக்கு ஒருவர் போதும். திரும்பி வரும் வழியிலும் அவரிடம்தான் விற்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் பேரத்தில் அவரை ஏமாற்றிய குழு அப்போது படும் பாட்டை நடுவர் தனியாக யோசித்துவைக்கத் தேவையில்லை.