டோனா நுக்கில் சீல் குட்டிகளைப் பார்க்க

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கரையில் உள்ள டோனா நுக்கில் சாம்பல் சீல்கள் (கடல்நாய்கள்) குட்டி போடும் காலம் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை. நவம்பர் பின்பாதியில், வார நாளில் போங்கள். சனி, ஞாயிறு நெரிசல் தாங்காது.

கடற்காக்கைகள் ஓரிடத்தில் கூடிச் சண்டையிட்டால் அங்கே பாருங்கள். நஞ்சுக்கொடிக்காக அடித்துக்கொள்கின்றன, பக்கத்தில் மஞ்சள் படிந்த ரோமமும் தொளதொளத்த தோலுமாக, இப்போதுதான் பிறந்த குட்டி கிடக்கும்.

பார்வையாளர்களையும் சீல்களையும் பிரிக்கும் வேலிக்குள் கை நீட்டவே கூடாது. தாய் குட்டியை மோப்பத்தால் அறியும்; மனித வாடை பட்டால் ஒதுக்கிவிடக்கூடும். பாலூட்டுவதே ஏறக்குறைய 18 நாள்தான், அதற்குள் 14 கிலோ குட்டி மும்மடங்காக வேண்டும். தனியாகக் கிடக்கிறதே என்று பதறாதீர்கள், தாய் அருகில்தான் இருக்கும். நாயை வீட்டிலேயே விட்டுவிட்டு, 8 மடங்கு பைனாகுலர் எடுத்துப் போங்கள்.