காலை பிரஷ் பிள்ளை கையில், இரவு பிரஷ் உங்கள் கையில்

"பல் தேய்ச்சாச்சா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "ஆச்சு" என்றுதான் சொல்லும். அது பொய்யும் இல்லை. முன்பற்களை நுரை பொங்கத் தேய்த்திருக்கும், ஏனென்றால் கண்ணாடியில் அதற்குத் தெரிகிற பல் அவ்வளவுதான். சொத்தை விழுவதோ பெரும்பாலும் கண்ணாடிக்கு எட்டாத கடைவாயில்.

இது ஒன்றரை வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பல் ஏன் தேய்க்க வேண்டும் என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் "விழப்போற பால்பல்தானே" என்கிற பேச்சை மட்டும் முதலிலேயே முடித்துவிடலாம். பால்பல் மொத்தம் 20. கீழ் முன்பல் ஆறு வயது வாக்கில் ஆடத் தொடங்கும், சரி. பால் கடைவாய்ப்பல் விழுவது 9 முதல் 12 வயதுக்குள். மூன்று வயதில் அதில் ஓட்டை விழுந்தால், ஏழெட்டு வருஷம் அந்த ஓட்டையோடுதான் சோறு மெல்ல வேண்டும். வலிக்கிறதென்று முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாயும். அடியில் காத்திருக்கிற நிரந்தரப் பல்லுக்கு வழி அடைபடும்.

என்ன வாங்குவது

ஒரு பிள்ளைக்கு இரண்டு பிரஷ் வாங்குங்கள். ஒன்று பிள்ளைக்கு: பிடி பருமனாக, பொம்மை போட்டு, எந்த நிறம் கேட்டாலும். இன்னொன்று நீங்கள் பிள்ளைக்குத் தேய்த்துவிட: பிடி நீளமாக, மெல்லியதாக, தலை இரண்டு பல் அகலத்துக்கு மேல் போகாமல். பருமனான பொம்மைப் பிடியைப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டு கடைவாய்க்குள் விடவே முடியாது. பாதிப் பேர் தோற்பது இங்கேதான். நார் 'சாஃப்ட்' அல்லது 'எக்ஸ்ட்ரா சாஃப்ட்', வேறு எதுவும் வேண்டாம். பாட்டரி பிரஷ் வாங்கினால்தான் பிள்ளை தேய்க்கும் என்றால் வாங்கலாம். ஆனால் அதிர்ந்தாலே பல் சுத்தமாகிவிடாது, நார் பல்லில் பட வேண்டும்.

பேஸ்ட் வாங்கும்போது முன்பக்கத்து ஸ்ட்ராபெர்ரி படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்து ஃப்ளோரைடு அளவைப் பாருங்கள். இந்தியாவில் பேஸ்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) மேல் இருக்கக்கூடாது, அந்த அளவை ட்யூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. 'கிட்ஸ்' என்று விற்பவற்றில் சிலவற்றில் 500 பிபிஎம்தான் இருக்கும், சிலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது. சொத்தையைத் தடுக்க 1000 பிபிஎம் அளவில் இருப்பதே நல்லது. பேஸ்டில் பலத்தைக் குறைப்பதைவிடப் போடுகிற அளவைக் குறைப்பதுதான் சரி. மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் போடுவது பேஸ்ட் சீக்கிரம் தீருவதற்குத்தான் உதவும். அந்தப் பட்டாணியையும் நார்களுக்குள் அழுத்திவிடுங்கள். மேலே உட்கார்ந்திருந்தால் முதல் நொடியிலேயே நக்கி விழுங்கிவிடும்.

ட்யூபைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். பல் உருவாகிற வயதில் ஃப்ளோரைடு அதிகமாக வயிற்றுக்குள் போனால், முளைக்கப்போகும் நிரந்தரப் பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறை வரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதை விளக்கவே வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு நிலத்தடி நீரின் ஃப்ளோரைடும் ஒரு காரணம். அந்தப் பக்கத்தில் இன்னும் போர்வெல் தண்ணீர் குடிக்கிற வீடு என்றால், எந்த பேஸ்ட், எவ்வளவு என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

பல்பொடி, கரி, உப்பு வேண்டாம். விரல் கடைவாய்ப்பல்லின் பள்ளத்துக்குள் இறங்காது, கொரகொரப்பான பொடி ஈறோரத்தை அரிக்கும். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்றவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. நன்றாக மென்ற குச்சி நல்ல பிரஷ்தான். ஆனால் மூன்று வயது வாயின் உள்பக்கத்துக்கு அந்தக் குச்சியை வளைக்க முடியாது.

முதலில் இரவு

ஒரு வேளைதான் ஒழுங்காக நடக்கும் என்றால் அது இரவாக இருக்கட்டும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பகலில் அமிலத்தைக் கழுவிவிடுவது அந்த எச்சில்தான். வரிசை இப்படி: சாப்பாடு, பால், பிரஷ், படுக்கை. பிரஷுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். இருமல் சிரப்பையும் பிரஷுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், பலவற்றில் சர்க்கரை இருக்கிறது.

பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்குகிற பிள்ளைக்கு மேல் முன்பல் நான்கும் முதலில் கெடும். கீழ் முன்பல்லை நாக்கு மூடிக்கொள்வதால் அது தப்பிக்கும். பாட்டிலை ஒரே நாளில் பிடுங்கினால் வீடே தூங்காது. இரண்டு வாரத்தில், இரவுக்கு இரவு பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீராக்குங்கள். தண்ணீர்ப் பாட்டிலுக்காக எழுந்து அழ எந்தப் பிள்ளைக்கும் பெரிய ஆர்வம் இருக்காது.

படுக்க வைத்துத் தேயுங்கள்

வாஷ்பேசின் முன் பிள்ளையை நிற்கவைத்து, எதிரே நீங்கள் குனிந்து நின்று "ஆ காட்டு, ஆ காட்டு" என்றால் நடப்பது இதுதான். பிள்ளை முகவாயைக் கீழே இறக்கும். மேல் கடைவாய் உங்கள் கண்ணுக்கு மறையும். பிரஷ் நாக்கில் படும், ஓங்கரிக்கும். மூன்று நாளில் பிரஷைக் கண்டாலே ஓடும். பிள்ளை அடம் பிடிப்பதாக நினைப்போம், ஆனால் தப்பு நின்ற விதத்தில்.

பாயில் உட்காருங்கள். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, தலை உங்கள் மடியில், கால் உங்களுக்கு எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும்படி வையுங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு வரிசையும் தெரியும். வெளிச்சம் போதவில்லையென்றால் யாராவது மொபைல் டார்ச்சைப் பிடிக்கட்டும். திமிறுகிற பிள்ளைக்கு இரண்டு பேர் வேண்டும். முழங்காலோடு முழங்கால் தொட எதிரெதிரே உட்காருங்கள். பிள்ளை ஒருவர் மடியில் அவரைப் பார்த்து, இடுப்பைச் சுற்றிக் கால் போட்டு உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்து அடுத்தவர் மடியில் தலை வைக்கட்டும். முதலாமவர் கையைப் பிடித்துக்கொள்வார், இரண்டாமவர் தேய்ப்பார்.

இனி மூன்று நுணுக்கம். பல பேருக்குச் சிக்குவது இவைதான்.

ஒன்று, இடக்கை ஆள்காட்டி விரலைக் கன்னத்தின் உள்பக்கமாக விட்டுக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அங்கே பல் இல்லை, கடிக்க முடியாது. கன்னமும் விலகி நிற்கும்.

இரண்டு, மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் உதட்டை ஈறோடு இணைக்கிற சின்னச் சவ்வு தெரியும். பிரஷ் அதில் இடித்தால் சுரீரென்று வலிக்கும். எப்போதும் மேல் முன்பல் தேய்க்கும்போது மட்டும் வீறிடுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். விரல் நுனியை அந்தச் சவ்வின் மேல் மெல்ல வைத்துக்கொண்டு தேய்த்தால் போதும்.

மூன்றாவதுதான் யாரும் சொல்லித்தராதது. மேல் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்கத்தைத் தேய்க்கும்போது வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லாதீர்கள். அகலத் திறந்தால் கன்னம் இறுகும், தாடை எலும்பும் முன்னே வந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பிரஷ் நுழையவே நுழையாது. "பாதி மூடு" என்று சொல்லுங்கள். கன்னம் தளர்ந்து பிரஷ் கடைசி வரை போகும். உங்கள் வாயிலேயே இப்போது செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கடைவாயில் தொடங்கி முன்பல்லில் முடியுங்கள். பிள்ளையின் பொறுமை ஒரு நிமிஷத்தில் தீரும், அது தீரும்போது மிச்சமிருப்பது முன்பல்லாக இருந்தால் பாதகமில்லை. மெல்லுகிற பரப்பில் முன்னும் பின்னுமாக, பக்கவாட்டில் நாரை ஈறோரமாகச் சாய்த்துச் சின்னச் சின்ன வட்டமாக. ஓர் இடத்துக்குப் பத்து எண்ணுங்கள், சத்தமாக. எப்போது முடியும் என்று தெரிந்தால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். மொபைலில் பாட்டு வீடியோ வைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பிள்ளை வாயைப் பிளந்தபடி படத்தைப் பார்க்கும், பிரஷ் நின்ற இடத்திலேயே நிற்கும்.

பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் பிரஷ் அங்கே போகாது. நான்கைந்து வயதில் சொத்தை அதிகம் ஒளிந்திருப்பது இரண்டு பால் கடைவாய்ப்பல் ஒட்டுகிற சந்தில்தான். பிடி வைத்த ஃப்ளாஸ் (பல்சந்தைச் சுத்தம் செய்கிற நூல்) குச்சி வாங்கி, இரவில் மேலும் கீழும் இரண்டு பக்கமுமாக அந்த நான்கு சந்தை மட்டும் எடுத்தாலே பெரிய காரியம். நூலை விரலில் சுற்றுகிற வகையைப் பிள்ளை வாயில் முயற்சி செய்யாதீர்கள்.

பிறகு சேர்த்தது: ஈறில் ரத்தம் வருகிறதே, நிறுத்திவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நிறுத்தாதீர்கள். அழுக்குப் படலம் தங்கி ஈறு வீங்கியிருப்பதால்தான் ரத்தம். மென்மையாகத் தினமும் தேய்த்தால் ஒரு வாரம், பத்து நாளில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓங்கரிப்பு நிற்காத பிள்ளைக்கு பேஸ்டைப் பாதியாக்கி, காரமில்லாத வாசனைக்கு மாற்றி, கீழ் வரிசையை முதலில் தேயுங்கள்.

துப்பணும், கொப்பளிக்க வேண்டாம்

வீட்டுப் பெரியவர்களோடு தகராறு வருவது இங்கே. தேய்த்த பிறகு தண்ணீர் விட்டு நான்கு முறை கொப்பளித்தால், பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடையும் கழுவிவிடுகிறோம். நுரையைத் துப்பினால் போதும். "வாய் கொப்பளிக்காம எப்படிம்மா தூங்க வைக்கிறது?" என்று பாட்டி கேட்டால், ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டுச் சமாதானம் சொல்லுங்கள்.

மூன்று வயதுக்குள் பல பிள்ளைக்குத் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் தெரியும். அரிசி அளவு பேஸ்டுதான் என்பதால் பயமில்லை. துப்பப் பழக்குவதைக் குளிக்கும் நேரத்தில், பேஸ்ட் இல்லாமல் செய்யுங்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, கன்னத்தை உப்பச் சொல்லி, தரையில் ஒரு குறியைக் காட்டி அங்கே துப்பச் சொல்லுங்கள். இதற்கு எந்தப் பிள்ளையும் மறுப்பு சொல்லாது.

எப்போது கையில் கொடுப்பது

காலை பிரஷ் முதல் நாளிலிருந்தே பிள்ளையுடையது. கடிக்கட்டும், சப்பட்டும், பழகட்டும், கடைசியில் நீங்கள் ஒரு சுற்று வந்தால் போதும். இரவு பிரஷ் ஏழெட்டு வயது வரை உங்களுடையது. அதற்கு முன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிச் சின்ன வட்டம் போடக் கைக்கு வராது. ஷூ லேஸைத் தானே முடிச்சுப் போடத் தெரிகிறதா என்று பாருங்கள், அதுதான் சோதனை.

ஐந்தாறு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் இதைச் செய்யுங்கள். கேக்குக்குப் போடுகிற சிவப்பு ஃபுட் கலர் இரண்டு சொட்டை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கலந்து, பஞ்சால் பல் முழுக்கத் தடவி, ஒரு முறை கொப்பளிக்கச் சொல்லுங்கள். படலம் இருக்கிற இடம் சிவப்பாக நிற்கும். பழைய சட்டை போட்டிருக்கட்டும், உதட்டில் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தை திட்டாமல் கண்ணாடியைக் கையில் கொடுத்து "சிவப்பைப் போக்கு பார்க்கலாம்" என்றால் போதும். ஈறோரமும் கடைவாயின் உள்பக்கமும் என்பது பத்து முறை சொல்லி ஏறாதது, இதில் ஒரு முறையில் ஏறும். பள்ளிக்கூட நாள் காலையில் மட்டும் செய்துவிடாதீர்கள்.

"தேய்க்கலேன்னா பல் டாக்டர் ஊசி போடுவார்" என்பதை வீட்டில் தடை செய்துவிடுங்கள். என்றைக்காவது அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

ஆறு வயதில் ஏமாற்றும் பல்

ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பால் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். இதற்காக எந்தப் பல்லும் ஆடாது, விழாது. அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் பால்பல் என்று நினைப்பார்கள். அது நிரந்தரப் பல், இனி இன்னொன்று வராது. முழுசாக வளர ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரை அதற்கு முன்னால் இருக்கிற பல்லைவிடத் தாழ்ந்து நிற்பதால், வழக்கம்போல் பிரஷை இழுத்தால் நார் அதைத் தொடாமல் மேலேயே தாண்டிப் போகும். அந்தப் பல்லுக்கு மட்டும் பிரஷைக் கன்னப்பக்கத்திலிருந்து குறுக்காக வைத்துத் தேயுங்கள். முழுசாக வெளிவந்ததும் அதன் பள்ளங்களை மூடி 'சீலன்ட்' போடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி கிடையாது, ராவுவது கிடையாது.

இதே வயதில் கீழ் முன்பல் விழாமலே அதன் பின்னால் இரண்டாவது வரிசை முளைத்துப் பலர் பதறுவார்கள். பால்பல் ஆடிக்கொண்டிருந்தால் பொறுக்கலாம், தானே விழும், நாக்கு புதுப் பல்லை முன்னே தள்ளிவிடும். ஆடவே இல்லையென்றால் காட்டுங்கள்.

மாதம் ஒருமுறை, இரவு மடியில் இருக்கும்போதே மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல் மங்கிய வெள்ளை தெரிந்தால் அதுதான் சொத்தையின் தொடக்கம். இந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடாலும் தின்பண்ட வேளையைக் குறைப்பதாலும் மீட்கலாம். பழுப்போ கறுப்போ ஆகிவிட்டால், வலி வருகிற வரை காத்திருக்காதீர்கள். தின்பண்டத்தில் எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதை எண்ணுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் வாய் அரை மணி நேரம்போல அமிலத்தில் ஊறுகிறது. கடலைமிட்டாயை மதியச் சாப்பாட்டோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் ஒரு தடவையோடு போகும். பிஸ்கட்டைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அந்த மாவு பள்ளத்தில் அப்பிக்கொண்டால் மிட்டாயைவிட நேரம் கழித்துத்தான் கரையும்.

மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ். பிள்ளையின் பிரஷ் மூன்றே வாரத்தில் பூவாக விரிந்துவிட்டால் அது தேய்க்கவில்லை, மெல்லுகிறது. மெல்லட்டும். உங்கள் பிரஷைத் தனியாக வைத்திருப்பது இதற்கும்தான். அதை மட்டும் பிள்ளையின் டப்பாவில் போடாதீர்கள்.