பழைய போன்: எக்ஸ்சேஞ்சா, நேரடி விற்பனையா?

எக்ஸ்சேஞ்சில் காட்டும் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அதே புது போன் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல், கார்டு தள்ளுபடியோடு என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள். அந்த விலைக்கும் எக்ஸ்சேஞ்சில் நீங்கள் கட்டும் தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் பழைய போனுக்கு நிஜமாகக் கிடைக்கும் பணம். பில்லும் பெட்டியும் கீறலில்லாத திரையும் இருந்தால், பெரும்பாலும் நேரடி விற்பனையே லாபம். பேட்டரி உப்பியிருந்தால் இரண்டுமே வேண்டாம், சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

எந்த வழியானாலும், பேக்கப் எடுத்தபின் முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள். ஐபோனில், தொலைந்த போனைத் தேடும் 'ஃபைண்ட் மை'யை அணையுங்கள். பிறகுதான் செட்டிங்ஸ் வழியாக ரீசெட். கணக்கை நீக்காமல் ரெக்கவரி மோடில் (பட்டன்களை அழுத்திப் போகும் பழுதுநீக்கும் திரை) அழித்தால், போன் மறுபடி பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். வாங்க வந்தவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். சிம், மெமரி கார்டை எடுக்க மறக்காதீர்கள்.

நேரில் விற்றால் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண் (போனின் தனி அடையாள எண்), தேதி, தொகை எழுதி, வாங்குபவரின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை அந்த போன் ஏதாவது வழக்கில் சிக்கினால் இந்தக் காகிதம்தான் கைகொடுக்கும். "பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்றால் அது மோசடி. யுபிஐயில் பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை.