ஓடிப்போய் உதவும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் வாழும் நமக்கு ஓட்டம் புதிதல்ல. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிற்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான் 1921இல் தொடங்கியது. 1975 வரை கறுப்பினத்தாருக்கும் இந்தியருக்கும் பெண்களுக்கும் அதில் முறைப்படி இடம் கிடையாது. இன்று இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் என எந்தப் பக்கம் போனாலும் விடியற்காலையில் ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களில் சிலருக்கு ஓட்டத்தோடு ஊர்ப் பணியையும் சேர்த்துச் செய்யும் ஆசை வருகிறது. கூட்டமாக ஓடிப்போய், ஒரு பாலர் பள்ளியிலோ ஓடைக்கரையிலோ ஒரு மணி நேரம் வேலை செய்து கொடுத்துவிட்டு, மீண்டும் ஓடியே வீடு திரும்புவது. லண்டனில் தொடங்கிய குட்ஜிம் அமைப்பு பிரிட்டனின் பல ஊர்களில் இதைத்தான் செய்கிறது.

அருமையான எண்ணம். ஆனால் இப்படித் தொடங்கும் குழுக்கள் சில மாதங்களில் கலைந்துபோவதற்கும், போன இடத்தில் பெயரைக் கெடுத்துக்கொள்வதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது. ஓட்டத்தின் கணக்கை அப்படியே வேலைக்கும் கொண்டுபோகிறார்கள். எவ்வளவு வேகம், எத்தனை பேர், எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்பதெல்லாம் ஓட்டத்துக்குச் சரி. வேலையோ அங்கே வசிக்கிறவர்களுக்குச் சொந்தமானது. நாம் திரும்பிய பிறகும் அது அவர்களுக்குப் பயன்படுகிறதா என்பதே அதன் கணக்கு.

கேட்காமல் தொடங்குவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். பாலர் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசலாம் என்று குழு தானாகவே முடிவு செய்கிறது. பள்ளியை நடத்தும் அம்மாவுக்கோ ஒழுகும் குழாய்தான் கவலை. இருபது பேர் வண்ணத்தோடு வந்து நிற்கும்போது அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நன்றி சொல்லிவிட்டு, மறுநாளும் குழாயடியில் வாளி வைப்பார்.

காய்கறிப் பாத்தி இன்னும் மோசம். மண்ணைக் கொத்தி, எரு போட்டு, கீரையும் கேரட்டும் விதைக்க ஒரு காலைப்பொழுது போதும். அதன் பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது? விடுமுறை மாதத்தில் பள்ளி பூட்டியிருக்குமே, அப்போது? குழாயிலிருந்து பாத்தி வரைக்கும் ரப்பர் குழாய் எட்டுமா? இந்த மூன்று கேள்விக்கும் பெயர் சொல்லி பதில் கிடைக்கவில்லை என்றால் மண்வெட்டியைத் தொடாதீர்கள். காய்ந்து கிடக்கும் பாத்தி, பாத்தியே இல்லாத நிலத்தைவிட மனத்தைச் சோர்வாக்கும். அடுத்த குழு வந்து கேட்டாலும் அந்தப் பள்ளி தயங்கும்.

ஓடைக்கரை, பூங்கா போன்ற பொது இடமென்றால் டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியிடமோ வார்டு கவுன்சிலரிடமோ முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். முக்கியமாக, சேரும் குப்பையை யார், என்றைக்கு எடுத்துப்போவார்கள் என்பதைப் பேசிவிட்டுத்தான் பையையே பிரிக்க வேண்டும். அள்ளிக் கட்டிய கறுப்புப் பைகளைச் சாலை ஓரத்தில் விட்டுப்போனால் இரவோடு இரவாக நாயும் குரங்கும் கிழித்துவிடும். காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து ஆரஞ்சுப் பையில் போடப் பழகிய ஊர் இது. ஓடுகிறவர்களும் அப்படியே பிரிக்கலாம்.

ஜூலை 18 மட்டும் வருவது

மண்டேலா தினத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் பொதுவாழ்வுக்குக் கொடுத்த 67 ஆண்டுகளுக்கு ஈடாக ஆளுக்கு 67 நிமிடம் பிறருக்காக உழைப்பது என்ற எண்ணம் மகத்தானது. ஐக்கிய நாடுகள் சபையும் 2009இல் அந்த நாளை ஏற்றுக்கொண்டது. சிக்கல் என்னவென்றால், அன்று ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில் மூன்று நிறுவனங்கள், இரண்டு பள்ளிகள், ஒரு ஓட்டக் குழு என்று வரிசையில் நிற்கும். ஒரே சுவருக்கு இரண்டு முறை வண்ணம் பூசப்படும். பெரியவர்களுக்கு மதிய உணவுக்கு முன்பே மூன்று கிண்ணம் சூப் வந்துவிடும். ஆகஸ்ட் மாதம் அதே வாசலில் ஆள் இருக்காது.

மரம் நடுவதும் அப்படித்தான். ஜூலை இங்கே குளிர்காலம், மழை குறைந்த காலம். டர்பனில் மழை கோடையில்தான் பெய்கிறது. ஜூலை 18 அன்று நட்ட கன்று பிழைக்க வேண்டுமானால் அக்டோபர் வரைக்கும் யாராவது தண்ணீர் சுமக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் அன்று குழி வெட்டுவதோடும் எரு சேர்ப்பதோடும் நிறுத்திவிட்டு, மழை தொடங்கியபின் நடுவதுதான் சரி.

என் கருத்தில், ஒரு குழு ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆண்டு முழுதும் போவது ஜூலையில் நூறு பேர் திரள்வதைவிடப் பல மடங்கு பயன் தரும். மண்டேலா தினத்தன்று கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்துப் போகலாம். அல்லது, வருகிற புதியவர்களில் தொடர்ந்து வரக்கூடியவர்கள் யார் என்று கண்டுபிடிக்க அந்த நாளைப் பயன்படுத்தலாம்.

தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்து வருகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு வருகிறேன் என்று ஓர் ஆயாவிடம் சொல்லிவிட்டால், அவர் மூன்று மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு, கேட்டைத் திறந்துவைத்து, தேநீருக்குத் தண்ணீர் அளந்து வைத்திருப்பார். காம்ரேட்ஸ் பயிற்சியில் நீண்ட ஓட்டம் இருக்கிறது என்று நீங்கள் வராமல் இருந்தால் அவருக்கு யார் சொல்வது? வர முடியாத நாளில் தொலைபேசியில் சொல்ல வேண்டும், மாற்று ஆளும் இருக்க வேண்டும். அந்த மாற்று ஆளை ஆயா முன்பே பார்த்துப் பழகியிருக்கவும் வேண்டும். முதல் சில முறை இருவராகப் போங்கள். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கிலோ வெளிநாட்டிலோ இருந்தாலும் அவர்களுக்குத் தெரியட்டும். உதவித்தொகை அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கிப் பணம் எடுத்து வந்து கொடுப்பதை, அவரே கெஞ்சிக் கேட்டாலும், செய்யக் கூடாது. பணத்தில் சிறு குழப்பம் வந்தாலும் உறவு அன்றோடு முறிந்துவிடும். வேண்டுமானால் கடைவரைக்கும் அவரோடு நடந்து போய் வாருங்கள்.

உடம்பை மறப்பது

வேலை இடத்துக்குப் போகும் ஓட்டத்தில் போட்டி கூடாது. வேகமானவர்கள் முன்னால் போய்விட்டால், புதிதாகச் சேர்ந்த அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்போது வேலை பாதி முடிந்திருக்கும். அடுத்த முறை அவர் வரமாட்டார். நன்றாக ஓடக்கூடிய ஒருவர் கடைசியில் வரட்டும். மூன்று நான்கு கிலோமீட்டர் போதும். கடுமையாக ஓடிக் களைத்த கால்களோடும் முதுகோடும் கடப்பாரை பிடிப்பது இடுப்புப் பிடிப்புக்கு நேர்வழி. காம்ரேட்ஸுக்கு முந்தைய வாரங்களில் அதற்குப் பதிவு செய்தவர்களைப் பாரம் தூக்கவிடாதீர்கள். அவர்கள் பொட்டலம் கட்டட்டும்.

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. வெயிலும் புழுக்கமும் ஏறுவதற்குள் வேலையை முடிக்க அதுவே வசதி. ஜூன், ஜூலையில் மாலை ஐந்து மணி தாண்டியதும் இருட்டத் தொடங்கும். வண்டிகள் இடப்பக்கம் செல்லும் நாட்டில் வலப்பக்கமாக, எதிரே வருவதைப் பார்த்தபடி ஓட வேண்டும். ஒளி பட்டால் மின்னும் மேலாடை எல்லாருக்கும் வேண்டும்.

மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன், வேண்டவே வேண்டாம். பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியான பக்கி ஒன்று முன்னதாகப் போய் நிற்கட்டும். கருவிகள், குடிநீர், முதலுதவிப் பெட்டி, மாற்றுச் சட்டை, கெட்டியான அடிப்பாகம் உள்ள காலணி எல்லாம் அதில் வரட்டும். ஓட்டக் காலணியின் மெல்லிய வலைத்துணியை முள்ளும் கண்ணாடித் துண்டும் எளிதாகக் கிழித்துவிடும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார்கள் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குப்பையில் ஊசி கிடந்தால் கையுறை போட்டிருந்தாலும் விரலால் எடுக்கக் கூடாது. இடுக்கியால் எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூட வேண்டும். குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமே இல்லை இது. குழுத் தலைவர் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

தகரத்தையும் கல் குவியலையும் வெறும் கையால் புரட்டாதீர்கள். மாம்பா பாம்புகள் வாழும் மாகாணம் இது. பாம்பைக் கண்டால் விலகி நின்று, பிடிக்கத் தெரிந்தவரை அழையுங்கள். மழை பெய்து ஓடை கலங்கியிருந்தால் அன்று ஓடையில் இறங்கக் கூடாது. 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2022 ஏப்ரல் வெள்ளம் கழிவுநீர் நிலையங்களையும் சேதப்படுத்தி, ஆற்றிலும் கடலிலும் சாக்கடையைக் கலக்கவிட்டதை நாம் மறக்கக் கூடாது.

கரையில் கிடக்கும் சாமிப் பொருட்கள்

உம்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூன் பக்கம் துப்புரவுக்குப் போனால் இதைச் சந்திக்காமல் இருக்க முடியாது. தேங்காய், வாழையிலை, மஞ்சள் துணி, அகல் விளக்கு, சட்டம் உடைந்த சாமி படம். வழிபட்டவர்கள் பக்தியோடு விட்டுப்போனவை. இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. ஒன்று, பீர் பாட்டிலோடு சேர்த்து அம்மன் படத்தையும் ஒரே பையில் திணிப்பது. அதைப் பார்க்கும் ஒரு தாத்தாவின் மனம் என்ன பாடுபடும்! இன்னொன்று, தொட்டால் பாவம் என்று எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவது. அலை அவற்றை இழுத்துக்கொள்ள, கண்ணாடிச் சில்லு குழந்தையின் காலில் ஏறும்.

நடுவழி கடினமல்ல. தனியாக ஒரு கூடை கொண்டுபோங்கள். பூ, இலை, தேங்காய் எருக்குழிக்குப் போகும். படங்களையும் சிலைகளையும் அருகிலுள்ள கோயிலில் முன்பே பேசிவைத்து ஒப்படையுங்கள். காவடிக்கும் ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் விழாவுக்கும் முன்பே கோயில் கமிட்டியோடு பேசினால், பூசைப் பொருட்களைப் போடத் தனித் தொட்டி வைக்கலாம். கைகூப்பி நிற்கிறவரிடம் அந்த நேரத்தில் சுற்றுச்சூழல் பாடம் நடத்தாதீர்கள். அதே கரையில் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்களான சியோன் சபையினர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முடிக்கும்வரை தள்ளி நின்று காத்திருப்பதும் அதே மரியாதைதான்.

“அவர்களுக்கு” என்று பேசுவது

சாட்ஸ்வொர்த்தும் கறுப்பின மக்கள் வாழும் உம்லாசியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனாலும் இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியேற்றிய சட்டத்தின் கோடு இன்னும் பல மனங்களில் அழியவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். அந்தக் காயம் இருக்கும் ஊரில், ஒரே மாதிரிச் சட்டை போட்ட இந்தியர் கூட்டம் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு குடிசைப் பகுதிக்குள் ஓடி நுழைந்தால் அங்கே இருப்பவர்களுக்கு என்ன தோன்றும் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். முதலில் நடந்து போங்கள். அங்கே வாழும் ஒருவரின் அழைப்போடு போங்கள். ஜூலு மொழியில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கிருந்தும் ஓடுகிறவர்கள் குழுவில் சேரட்டும். வேலையை முடிவு செய்வதிலும் அவர்கள் இருக்கட்டும். ஒரு குழு இதைச் சரியாகச் செய்தால் மற்ற குறைகள் எல்லாம் மன்னிக்கப்படும் என்று நம்புகிறேன்.

களை என்று எல்லாவற்றையும் வெட்டுவது

உண்ணிச்செடி இங்கே பரவும் அந்நியத் தாவரம். அதை மேலாக வெட்டிவிட்டு வந்தால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். பெரிய புதராக இருந்தால் மருந்து பூசப் பயிற்சி பெற்றவர் கூட இருக்க வேண்டும். இலையைப் பார்த்து வேம்பு என்று நம்மவர்கள் மதிக்கும் மலைவேம்பும் அந்நியத் தாவரப் பட்டியலில்தான் இருக்கிறது. அதற்காகக் கோயில் வாசலில் நிற்கும் மரத்தை ஒரு சனிக்கிழமை காலையில் போய் வெட்டிவிட முடியாது. புதிதாக நடாமல் இருப்பதும், ஓடைக்கரையில் தானாக முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குவதும் போதும்.

படம், பதிவு, சாப்பாடு

உணவுப் பொட்டலம் வாங்குகிறவரின் முகத்தைப் படம் எடுத்துப் பரப்பாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யத் தகாத காரியம். மண்ணில் பதிந்த கைகளையும் முடிந்த வேலையையும் எடுங்கள். குழந்தைகளோடு தொடர்ந்து பழகப்போகிறவர்கள் தேசியக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும். “நம்ம பையன்தான்” என்பது போதாது.

புரட்டாசியில் நம் குடும்பங்கள் பல விரதத்தில் இருக்கும். சனிக்கிழமைகளில் பூசை இருக்கும். அந்த மாதத்தில் வேலை நாளை ஞாயிற்றுக்கு மாற்றுங்கள். விரதம் இருப்பவர் ஓடாமல் பக்கியில் வரட்டும். வேலை முடிந்தபின் வரும் சாப்பாடு சைவமாக இருக்கட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த இடம், யாரிடம் பேசினோம், என்ன முடிந்தது, என்ன பாக்கி, கேட்டின் சாவி யாரிடம் என்று அன்றே எழுத வேண்டும். திரும்பி ஓடத் தொடங்குவதற்கு முன், அந்த இடத்துக்குப் பொறுப்பானவரிடம் அடுத்த முறை வரும் தேதியைச் சொல்லி, அவர் எதிரிலேயே அதில் எழுதிக்கொள்ளுங்கள்.