காயில்ஓவரில் உயரம் வைக்கும்போது நடக்கும் தவறுகள்

மதுரையில் காயில்ஓவர் (ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக, உயரத்தை மாற்றும்படி வரும் சஸ்பென்ஷன்) மாட்டுபவர்களில் பலருக்கும் வண்டியைத் தாழ்த்துவதுதான் நோக்கம். நிறுத்தி வைத்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கப்பலூர் தாண்டி ஒரு கிராமத்துச் சாலையில் திரும்பியதும் முன்பக்கம் டங் டங்கென்று அடிக்க ஆரம்பிக்கும். உடனே ஷாக் மட்டமான சரக்கு என்பார்கள். பெரும்பாலும் உயரத்தை எங்கே குறைத்தார்கள் என்பதில்தான் கோளாறு.

கையில் இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஒரு வகையில் ஸ்பிரிங் உட்காரும் காலர் மட்டும் மரையில் ஏறி இறங்கும். இன்னொன்றில் ஷாக்கின் அடி பிராக்கெட்டும் நகரும். இந்த இரண்டாவது வகையில் காலரை இறக்கி உயரம் குறைப்பது தவறு. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து ஆடும், மறுபடி ஏறும்போது இடம் மாறி உட்காரும். காலரைக் கையால் ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, கிட்டோடு வரும் தாளில் உள்ள அளவுக்கு மட்டும் முன்னழுத்தம் (எடை ஏறுமுன்பே ஸ்பிரிங்கைக் கொஞ்சம் அமுக்கி வைப்பது) கொடுங்கள். உயரத்தை அடி பிராக்கெட்டில் மாற்றுங்கள். உயர்த்தும்போது பிராக்கெட்டுக்குள் குறைந்தது எவ்வளவு மரை இருக்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கும். அதை மீறினால் மரை பிய்ந்துவிடும்.

காலரை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் இன்னும் போகவில்லை. ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 250 கிலோ, ஸ்பிரிங் ஒரு மி.மீ. அமுங்க 5 கிலோ தேவை என்று வையுங்கள். வண்டி நிற்கும்போது அது 50 மி.மீ. அமுங்கியிருக்கும். காலரில் 10 மி.மீ. இறுக்கினாலும் அமுங்கல் அதே 50தான். ஷாக் 40 மி.மீ. மட்டும் இறங்கி நிற்கும், உடல் 10 மி.மீ. உயரும். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க மிச்சம் இருப்பதும் அந்த 40தான்.

காலர் மட்டும் உள்ள வகையில் தாழ்த்தத் தாழ்த்த சக்கரம் மேலே ஏற மிச்சமிருக்கும் பயணம் குறையும், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்காமல் தடுக்கும் கட்டை) சீக்கிரம் அடிக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பிஸ்டன் கம்பியில் ஒரு சின்ன கேபிள் டையைக் கட்டி, ஷாக் உடலோடு ஒட்ட இறக்கிவிட்டு, நாலு வேகத்தடை ஏறி வாருங்கள். டை பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருந்தால் வண்டி அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கிறது. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். ஊருக்குள் போட்டிருப்பவை அந்தக் கணக்கில் அடங்குவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். தரையிலிருந்து மட்கார்டுவரை அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். சக்கரத்தின் ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளங்கள். ஜாக்கியை இறக்கியவுடன் அளக்காதீர்கள்; டயர் பக்கவாட்டில் இழுபட்டு வண்டி மேலேயே நிற்கும். சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நாலு மூலையிலும் அமுக்கிவிட்டு, சமதளத்தில் அளங்கள். ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் பின்பக்க ஸ்பிரிங் ஷாக்கோடு இல்லாமல் தனியாக இருக்கும். அங்கே அட்ஜஸ்டரில் 10 மி.மீ. மாற்றினால் உடலும் அதே 10 இறங்கும் என்று நம்பக் கூடாது, ஒவ்வொரு முறையும் அளந்தே ஆக வேண்டும்.

அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு, சக்கரம் தொங்கும்போதே லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ் போல்ட்டை முறுக்கிவிடுவது. ரப்பர் புஷ் அந்தத் தொங்கும் நிலையில் பூட்டப்படும். வண்டி தரையில் இறங்கியதும் அது எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து, சில மாதங்களில் கிழியும். புது உயரத்தில் எடை தரையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு.

மரையில் வைகை மணலும் புழுதியும் ஒட்டியிருக்கும்போது காலரைத் திருப்பினால் அலுமினியம் உரசி மாட்டிக்கொள்ளும். வண்டியைத் தூக்கி, எடையை எடுத்துவிட்டு, பிரஷ் போட்டுத் துடைத்த பிறகே ஸ்பானரைக் கையில் எடுங்கள். கிரீஸ் வேண்டாம், இன்னும் அதிகமாகப் புழுதியை இழுக்கும்.

உயரம் மாறினால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், மாறும். அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். ஹெட்லைட் கோணத்தையும் சரிசெய்யுங்கள். முன்பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் ஒளி வண்டிக்கு முன்னால் அருகிலேயே விழும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு வண்டி மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. சாலையில் ஓட்டும் வண்டியானால் அதையும் கணக்கில் வையுங்கள்.

சுமார் 200 கி.மீ. ஓடியபின் காலரை அசையாமல் பிடிக்கும் லாக் ரிங்கை மறுபடி முறுக்கிப் பார்த்து, ஹப்பிலிருந்து நாலு அளவையும் திரும்ப எடுங்கள். புது ஸ்பிரிங் சில மி.மீ. இறங்கியிருக்கலாம்.