சோங்சிங் லாஸிஜி: மிளகாய் கருகாமல், நாக்கு விறுவிறுக்க ஒரு கோழி வறுவல்

லாஸிஜி தென்மேற்குச் சீனாவின் சோங்சிங் நகரத்து வறுவல். கெலெஷான் மலைப்பக்கத்து உணவுக்கடைகள்தான் இதற்குப் பேர் வாங்கித் தந்தவை. தட்டு நிறையக் காய்ந்த மிளகாய் இருக்கும், கோழித் துண்டுகளை அதற்குள் குச்சியால் தேடிப் பொறுக்க வேண்டும். மிளகாய் வாசனைக்குத்தான், தின்பதற்கு அல்ல.

சீன வறுவல் என்றாலே அடுப்பு கடைசிவரை முழுத்தீயில் எரிய வேண்டும் என்ற நினைப்புதான் வீட்டில் இதைக் கெடுக்கிறது. முழுத்தீ கோழிக்கு. மிளகாய்க்கும் ஹுவாஜியாவோவுக்கும் சிறுதீ.

ஹுவாஜியாவோ, நம் கடைகளில் சிச்சுவான் பெப்பர் என்று விற்கும் பொருள். எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பத்துச் செடியின் காய்த்தோல். அதிலுள்ள சான்ஷூல் என்னும் வேதிப்பொருள்தான் நாக்கை மரக்க வைக்கிறது. வாங்கியதும் ஒரு தோலை முன்பல்லால் கடித்துப் பாருங்கள். சில நொடிகளில் நாக்கு விறுவிறுக்க வேண்டும். வெறும் மரத்தூள் மாதிரி இருந்தால் அது பழசு, எவ்வளவு அள்ளிப் போட்டாலும் பயனில்லை. உள்ளே இருக்கும் கறுப்பு விதை பல்லில் மணலாக நெரியும். விதையையும் காம்பையும் பொறுக்கி எறிந்துவிட்டு, தோல் மட்டும் 2 டேபிள்ஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய் 50 கிராம். காரம் குறைந்து நிறம் கூடிய வகை வேண்டும், காஷ்மீரியும் பேடகியும் சரியாக வரும். குண்டூர் மட்டுமே போட்டால் மரமரப்பு தெரியாது, எரிச்சல்தான் மிஞ்சும். 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, சல்லடையில் குலுக்கி விதையை உதிர்த்துவிடுங்கள்.

கோழிக்கால் 500 கிராம், தோலும் எலும்புமாக, 2 செ.மீ. துண்டுகள். நெஞ்சுக்கறி வேண்டாம், இரண்டு முறை பொரித்தால் சக்கையாகிவிடும். உப்பு அரை டீஸ்பூன், லைட் சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், ஷாவோசிங் ஒயின் (சமையலுக்கான சீன அரிசி ஒயின்) 1 டேபிள்ஸ்பூன், வெள்ளை மிளகுத்தூள் கால் டீஸ்பூன் போட்டுப் பிசறி 30 நிமிடம் ஊறட்டும். உப்பை இப்போதே போட்டாக வேண்டும். பொரித்த பிறகு தூவினால் மேலோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது. பொரிக்கும் முன் 1 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃபிளவர் போதும். அதற்கு மேல் போனால் அது பக்கோடா.

எண்ணெய் 170 டிகிரி செல்சியஸுக்கு வந்ததும் கோழியை இரண்டு ஈடாக, ஈட்டுக்கு 4 நிமிடம் பொரித்து எடுங்கள். 5 நிமிடம் ஆறட்டும். உள்ளிருக்கும் ஈரம் மேலே வரும். பிறகு 190 டிகிரியில் ஒன்றரை நிமிடம், தோல் கரும்பொன் நிறமாகும்வரை. இந்த இரண்டாவது பொரிப்பைத் தவிர்த்தால் மிளகாயோடு சேர்ந்ததும் கோழி தொளதொளத்துவிடும்.

இனிதான் கவனம் தேவை. கோழி பொரியும்போதே மிளகாயை வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் போட்டு நன்றாக வடித்துவையுங்கள். ஹுவாஜியாவோ மீது ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். அந்த ஈரம் ஆவியாகித் தீரும்வரை தோல் கருகாது. நிறமும் மணமும் எண்ணெயில் இறங்க அந்த அவகாசம்தான் வேண்டும். உலர்ந்தபடியே போட்டால் சில நொடிகளில் கறுத்து, வீடே இருமும்.

வாணலியில் 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய் மட்டும் நிறுத்தி, நன்றாக ஆறவிடுங்கள். சிறுதீயில் வைத்து ஒரு மிளகாய்த் துண்டைப் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் பொடிக் குமிழ் வரலாம், நிறம் உடனே மாறக் கூடாது. முதலில் இஞ்சி ஒரு துண்டு, பூண்டு 6 பல், இரண்டும் சீவியது. ஓரம் வெளுத்ததும் ஹுவாஜியாவோ, அரை நிமிடம் கழித்து மிளகாய். கை ஓயாமல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். சிவப்பு ஒரு படி ஆழ்ந்து, பச்சை வாசனை போய் வறுத்த மணம் வரும். அதுதான் பதம். கறுத்துவிட்டால் கொட்டிவிட்டு, புது எண்ணெயில் மறுபடி தொடங்குங்கள். சர்க்கரை போட்டெல்லாம் அந்தக் கசப்பை மறைக்க முடியாது.

பதம் வந்ததும் கோழியைக் கொட்டி, தீயை முழுதாக ஏற்றுங்கள். சர்க்கரை 1 டீஸ்பூன், வெங்காயத்தாள் ஒரு பிடி, வறுத்த எள் 1 டேபிள்ஸ்பூன். ஒரு நிமிடத்தில் இறக்கிவிடலாம்.

பாத்திரம் என்றால் கனமான இரும்பு வாணலிதான். நான்ஸ்டிக்கை இந்தச் சூட்டுக்கு ஏற்றவே கூடாது. எண்ணெய் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், புதிதாகச் செய்பவர்களுக்கு அதைவிட உதவும் கருவி கிடையாது.

பின்சேர்க்கை: ஹுவாஜியாவோவுக்குப் பதில் நேபாளத்துத் திமுர் போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், நெருங்கிய உறவுதான். எலுமிச்சை வாசனை தூக்கலாக இருக்கும், ஒன்றரை டேபிள்ஸ்பூனில் தொடங்குங்கள். பாட்டில் ஷெஸ்வான் சாஸ் இதற்கு மாற்றாகாது. அது மிளகாய்ப் பூண்டு விழுது, பெரும்பாலும் ஹுவாஜியாவோவே இருக்காது. மரமரப்பு இன்னும் வேண்டும் என்பவர்கள் எண்ணெயில் கூடுதலாகப் போடாதீர்கள், கசக்கும். அரை டீஸ்பூன் ஹுவாஜியாவோவை வெறும் வாணலியில் சூடுகாட்டிப் பொடித்து, இறக்கிய பிறகு தூவுங்கள். தட்டில் மிஞ்சும் மிளகாயும் எண்ணெயும் மறுநாள் உருளைக்கிழங்கு வறுக்க ஆகும். மூடி போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.